தகட்டில் ஒரு பெயர்



இலக்கியம் பேசும் இந்த நேரத்திலே இன்று ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். படகின் பின்பலகையிலே மாட்டித் தொங்கவிடும் சிறிய எஞ்சின் அது. நமது கரையோர மக்கள் அதனை ‘அவுட்போட் எஞ்சின்’ என்பார்கள். அரசாங்க அறிக்கைகளிலே ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதுவார்கள். எண்ணெய் நாற்றமும் புகையும் வீசும் இந்தப் பொருளுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

உறவு உண்டு. செல்லரித்த ஏட்டுச்சுவடி ஒன்று பதிப்பாசிரியரின் கைக்கு வருகிறது. முதல் ஏட்டிலே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரை அப்படியே நம்பி அச்சுக்குக் கொடுத்துவிட முடியுமா? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் அப்படிச் செய்யவில்லை. பல ஏடுகளை ஒப்பு நோக்கினார்கள். மொழியையும் யாப்பையும் பார்த்து, எது மூலம், எது இடைச்செருகல் என்று ஆராய்ந்தார்கள். ஒளவையார் என்ற ஒரே பெயரின் பின்னே வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் நிற்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். பெயர் ஒன்றாக இருக்கலாம். பாடியவர் வேறாக இருக்கலாம்.

பழைய படகு இயந்திரத்தை இனங்காண்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அதிலே ஒரு தகடு இருக்கும். தகட்டிலே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் அந்த இயந்திரத்தைத் தொட்டே இருக்கமாட்டார். அவர் தமது கையால் உருவாக்கிய இயந்திரத்திலோ அவருடைய பெயர் வெளிப்படையாக இராது. வெளியிணைப்பு இயந்திரத்தின் வரலாற்றிலே மிகப் பெரிய பெயராகிய எவின்றூட் என்பதற்கு நேர்ந்த கதை இது. இதனை அறியாமல் பழைய மோட்டாரைத் திருத்த முற்பட்டால், திருத்துவதாக நினைத்துக்கொண்டே கெடுத்துவிடுவோம்.

ஐஸ்கிறீம் உருகிய ஏரி

ஓலே எவின்றூட் 1877 ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டிலே பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து விஸ்கொன்சின் மாநிலத்திலே ஓர் ஏரிக்கரையிலே விவசாயம் செய்யத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பதினாறு வயதிலே இயந்திரத் தொழிற்சாலையிலே பயிலுநராகச் சேர்ந்தார். பட்டறை பட்டறையாக மாறி வேலை கற்று, இறுதியாக மில்வோக்கி நகரிலே குடியேறி, வார்ப்பு அச்சுக்குரிய மாதிரிகளை மரத்திலே செதுக்கும் தொழிலிலே தேர்ச்சி பெற்றார். அங்கேதான் பெஸ் கேரி என்ற இளம்பெண்ணை அவர் சந்தித்தார். வர்த்தகக் கல்வி பயின்றவர் பெஸ். ஓலேயின் சிறிய எஞ்சின் பட்டறைக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தவர். 1906 இல் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

இந்தக் கதையிலே எல்லோரும் விரும்பிச் சொல்லும் ஒரு காட்சி உண்டு. மில்வோக்கிக்கு மேற்கே ஓக்கோச்சி என்றோர் ஏரி. கடும் வெயில் காயும் ஓகஸ்ற் மாதம். ஏரியின் நடுவே உள்ள தீவிலே நண்பர்கள் கூடி உண்டு களித்திருக்கிறார்கள். பெஸ் ஐஸ்கிறீம் வேண்டும் என்று கேட்க, ஓலே துடுப்பு வலித்து இரண்டரை மைல் தூரம் கரைக்குப் போனார். வாங்கிக்கொண்டு திரும்பி வலித்து வருவதற்குள் ஐஸ்கிறீம் உருகிவிட்டது. அந்தச் சலிப்பிலேதான் படகுக்கு எஞ்சின் பூட்டும் எண்ணம் பிறந்தது என்பார்கள்.

அழகான கதை. எனினும் நேயர்களே, எந்தப் புதுப்படைப்பும் ஒரே ஒரு பிற்பகலிலே பிறந்துவிடுவதில்லை. 1881 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரிலே குஸ்தாவ் துரூவே என்பவர், சுக்கானோடு மின்மோட்டாரைப் பொருத்தி சென் நதியிலே படகு ஓட்டிக் காட்டினார். ஓலேக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே டெற்றொயிற் பகுதியிலே கமரூன் வோட்டர்மன் என்ற இளைஞர், பெற்றோலில் ஓடும் கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரை 1905 இலே நீரிலே ஓட்டிப் பார்த்து, பின் விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆகவே, ‘கண்டுபிடித்தவர் ஓலே எவின்றூட்’ என்று ஒரே வரியிலே எழுதிவிடுவது வரலாறு ஆகாது.

அப்படியானால் ஓலேயின் சிறப்பு எதிலே? அமைப்பிலே என்று சொல்லலாம். வோட்டர்மனுடைய மோட்டாரிலே சிலிண்டர் நிமிர்ந்து நின்றது. ஓலே அதனைப் படுக்கையாகக் கிடத்தினார். கிராங்குத் தண்டை நிமிர்த்தி வைத்தார். மேல்முனையிலே கனத்த சுழல்சில்லு. கீழ்முனையிலிருந்து ஒரு நீண்ட தண்டு நேரே நீருக்குள் இறங்குகிறது. அடியிலே சாய்ந்த பற்களையுடைய இரண்டு கியர்கள், அந்தச் சுழற்சியைத் திருப்பி விசிறிக்குக் கொடுக்கின்றன. இந்த ஒழுங்கு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்றைக்கும் நமது கடற்கரைகளிலே நிற்கும் எந்த வெளியிணைப்பு இயந்திரத்தின் மூடியைக் கழற்றினாலும், நிமிர்ந்த கிராங்குத் தண்டையும் அடியிலே அந்தச் சாய்ந்த கியர்களையுமே காண்பீர்கள்.

1909 இல் முதலாவது மோட்டார் மில்வோக்கியின் ஆற்றிலே ஓடியது. ஒன்றரைக் குதிரைவலு. அறுபத்திரண்டு இறாத்தல் நிறை. விலையும் அறுபத்திரண்டு டொலர்! முன்மாதிரியைப் பார்த்த பெஸ், கோப்பி அரைக்கும் ஆலைபோல இருக்கிறதே என்று சிரித்தாராம். ஆனால் அதை இரவல் வாங்கிக்கொண்டு போன நண்பர் ஒருவர், பத்து மோட்டார்களுக்கு முன்பணத்தோடு திரும்பி வந்தார். சிரித்த பெஸ்ஸே கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கையிலே எடுத்தார். துடுப்பை வீசிவிடுங்கள் என்ற கருத்திலே அவர் எழுதிய விளம்பரம் நாடெங்கும் பரவியது. ஸ்கண்டிநேவிய நாடுகளின் மீனவர்களிடமிருந்தும் கேள்வி வந்தது. ஐஸ்கிறீமுக்காகப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட எஞ்சின், மீன்பிடிப்பவனின் உழைப்புக் கருவியாயிற்று.

பெயரை விற்ற மனிதர்

1911 இல் ஓலே, கிறிஸ் மேயர் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். முதலீடு வந்தது, தொழிற்சாலை பெருத்தது. ஆனால் ஓய்வில்லாத வேலையினால் பெஸ்ஸின் உடல்நலம் கெட்டது. மனைவியின் நலமே பெரிதென்று எண்ணிய ஓலே, 1914 அளவிலே தமது பங்கைக் கூட்டாளிக்கு விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு இந்தத் தொழிலிலே தலையிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கொம்பனியோடு சேர்ந்து அவருடைய பெயரும் விலைபோயிற்று.

இங்கேதான் தகட்டின் கதை திரும்புகிறது. ‘எவின்றூட்’ என்ற பெயர் பொறித்த மோட்டார்கள் தொடர்ந்து வெளிவந்தன. எவின்றூட் வீட்டிலே இருந்தார். அவர் கையெழுத்தைப்போல உலகம் அறிந்திருந்த அந்தப் பெயரிலே, அவருடைய கை இல்லை.

ஓலே சும்மா இருக்கவில்லை. ஐந்தாண்டுக் கெடு முடியும் காலத்திலே புதியதொரு மோட்டாரை வரைந்திருந்தார். இரும்புக்கும் வெண்கலத்துக்கும் பதிலாகப் பெரும்பகுதி அலுமினியம். ஒரு சிலிண்டருக்குப் பதிலாக எதிரெதிரே இரண்டு. மூன்று குதிரைவலு இருந்தும் நிறை ஏறத்தாழ நாற்பத்தெட்டு இறாத்தல்தான். முன்னையதைவிட வலு இரட்டிப்பு, சுமையோ குறைவு. அதனை எடுத்துக்கொண்டு பழைய கூட்டாளியிடம் போனார். மேயர் வேண்டாம் என்றார். ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்திலே மாற்றம் எதற்கு என்று அவர் எண்ணியிருக்கலாம்.

ஓலேயும் பெஸ்ஸும் மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார்கள். புதிய மோட்டாருக்குச் சொந்தப் பெயரை வைக்க வழியில்லை. அது இப்போது இன்னொருவரின் சொத்து. பெஸ் அமைத்ததாகச் சொல்லப்படும் பெயர் ‘எல்ரோ’. எவின்றூட் லைற் ருவின் அவுட்போட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் எல்ரோ வரும். வெளியே தெரியாதபடி எவின்றூட் என்ற பெயரை ஒரே எழுத்தாக்கி உள்ளே ஒளித்து வைத்த பெயர் அது. 1921 அளவிலே எல்ரோ சந்தைக்கு வந்தது. அதே காலத்திலே இந்தியானா மாநிலத்து ஜோன்சன் சகோதரர்களும், முப்பத்தைந்து இறாத்தல் அளவேயான இரட்டைச் சிலிண்டர் மோட்டாரோடு களத்திலே இறங்கினார்கள்.

1920 களிலே ஓர் அமெரிக்கக் கடையிலே இப்படியொரு காட்சியை எண்ணிப் பாருங்கள். எவின்றூட்டின் பெயரைத் தாங்கிய மோட்டார் ஒருபுறம். எவின்றூட் உண்மையாகவே வரைந்த மோட்டார் மறுபுறம். இரண்டும் போட்டியாளர்கள். பெயரைப் பார்த்து வாங்கியவர் ஒன்றைக் கொண்டுபோனார்; அந்தப் பெயருக்குரிய மனிதரின் மூளையை இன்னொருவர் கொண்டுபோனார்.

1929 இலே எவின்றூட், எல்ரோ, லொக்வூட் என்ற மூன்று கொம்பனிகளும் ஒன்றாக இணைந்தன. ஓலே அதன் தலைவரானார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய பெயர் அவரிடம் திரும்பி வந்தது. அதனை அவர் நெடுங்காலம் அனுபவிக்கவில்லை. 1933 இலே பெஸ் இறந்தார். அடுத்த ஆண்டிலே ஓலேயும் மறைந்தார். மகன் றால்ஃப் பொறுப்பேற்று, ஜோன்சன் கொம்பனியையும் சேர்த்துக்கொண்டு தொழிலைப் பெருக்கினார். அந்தப் பெரிய நிறுவனமும் 2000 டிசம்பரிலே வங்குரோத்தாயிற்று. பெயர் மீண்டும் ஒருமுறை விற்கப்பட்டது. வாங்கிய கனடிய நிறுவனம் 2020 இலே எவின்றூட் மோட்டார்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. 111 ஆண்டுகள் வாழ்ந்தது அந்தப் பெயர்.

இயந்திரத்தை வாசித்தல்

இனி, இந்த வரலாறு பட்டறை மேசையிலே எப்படிப் பயன்படுகிறது என்று பார்ப்போம்.

பழைய மோட்டார் ஒன்று கிடைத்தால், பலர் முதலிலே செய்யும் வேலை கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்ப்பது. அது தவறு. முதலில் வாசிக்க வேண்டும். தகடு இருந்தால் அதிலுள்ள மாதிரி இலக்கத்தையும் தொடரிலக்கத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சில பழைய மோட்டார்களிலே தொடரிலக்கம் சுழல்சில்லிலே குத்தப்பட்டிருக்கும். சுழல்சில்லோ கழற்றி மாற்றக்கூடிய உறுப்பு. யாரோ ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு பழுதான மோட்டார்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார். தலை ஒன்றினுடையது; உடம்பு இன்னொன்றினுடையது. சுவடியிலே இடைச்செருகல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆகவே உடம்பைப் பார்க்க வேண்டும். சிலிண்டர் ஒன்றா இரண்டா? உலோகம் எது? விசையூட்டுவது சுழல்சில்லின் மேலுள்ள குமிழைப் பிடித்தா, கயிற்றினாலா? குமிழ் உள்ளவற்றிலே கவனம் வேண்டும். எஞ்சின் உயிர்பெற்றதும் அந்தக் குமிழும் சேர்ந்து சுழலும். கையை எடுக்கத் தாமதித்தவர்களின் விரல்மொழிகளைப் பதம்பார்த்த குமிழ் அது. திசை திருப்புவது மோட்டாரையே திருப்பியா, தனிச் சுக்கானினாலா?

எல்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பழைய மோட்டார்களிலே சுழல்சில்லின் அடியிலே மக்னீட்டோ இருக்கும். காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து தாமே மின்பொறியை உண்டாக்கும். 1920 களின் எல்ரோவிலே அது கிடையாது. அதற்குப் படகிலே தனியாக ஒரு மின்கலம் வைக்க வேண்டும். மின்கலத்தின் வலுவினால்தான் அது சில்லை இலேசாகத் தட்டியதுமே உயிர்பெற்றது. இதையறியாத ஒருவர் சில்லைக் கழற்றிப் பார்ப்பார். மக்னீட்டோவைக் காணவில்லை, களவு போய்விட்டது என்பார். இல்லாத உறுப்பைத் தேடி அலைவார். அதுபோலவே, விசிறிக்குப் பின்னால் சுக்கான் உள்ள எல்ரோவைக் கண்டு, இது யாரோ பின்னர் ஒட்டவைத்தது என்று எண்ணிக் கழற்றிவிடவும் கூடும். உண்மையில் அந்தச் சுக்கான் ஓலே வரைந்த மூலத்தின் பகுதி. நல்ல பாடத்தைப் பிழையென்று திருத்திய பதிப்பாசிரியரின் கதை இது!

பிற்காலத்து மோட்டார்களிலே வேறு வகையான மறைபொருள் உண்டு. 1980 முதல் எவின்றூட், ஜோன்சன் மோட்டார்களின் மாதிரி இலக்கத்திலே, ஆண்டைக் குறிக்க இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். அவற்றுக்குத் திறவுகோல் ஒரு சொல்: ‘இன்ட்ரடியூசஸ்’. அறிமுகம் செய்கிறது என்று பொருள். ஆங்கிலத்திலே இந்தச் சொல்லுக்குப் பத்து எழுத்து. ஒன்றும் இரண்டு தடவை வராது. ஐ, என், ரி, ஆர், ஓ, டி, யு, சி, ஈ, எஸ் என்று வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்பது வரையும், கடைசி எழுத்துக்குச் சுழியமும் கொடுக்க வேண்டும். சி, ஓ என்று இருந்தால் எட்டும் ஐந்தும். அந்த மோட்டார் 1985 ஆம் ஆண்டினது. நமது புலவர்கள் பாட்டிலே ஆண்டைச் சொற்களால் மறைத்துச் சொன்னதை நினைவூட்டுகிறதல்லவா?

அதே குடும்பத்து மோட்டார்கள் பலவற்றிலே இன்னொரு வசதியும் உண்டு. வெளியே ஒட்டிய தகடு உதிர்ந்து போனாலும், எஞ்சின் உடம்பிலே பதித்த சிறிய வட்ட உலோக மூடியிலே மாதிரி இலக்கம் குத்தப்பட்டிருக்கும். மேல்வண்ணத்தை மெல்லத் துடைத்தால் தெரியும். ஆசிரியர் பெயர் முகப்பிலே தொலைந்துபோய், நூலின் உள்ளே ஒரு செய்யுளிலே கிடைப்பதைப்போல.

திருத்துவதில் ஓர் ஒழுங்கு

இனங்கண்ட பின்னரே திருத்தம். அதற்கும் ஒரு முறை உண்டு.

முதலாவது, சில்லைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். திரும்ப மறுத்தால் வலுக்கட்டாயம் பண்ணக் கூடாது. பிளக்கைக் கழற்றி, துவாரத்தின் வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டு நாட்கணக்காகக் காத்திருக்க வேண்டும். சுத்தியல் எடுத்தவன் சிலிண்டரை இழப்பான். திரும்புமானால், பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு சுழற்றிப் பார்க்கலாம். விரலைத் தள்ளும் அழுத்தம் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

இரண்டாவது, மின்பொறி. மக்னீட்டோ உள்ளவற்றிலே, தொட்டு விலகும் சிறு முனைகளிலே துரு படிந்திருக்கும். மெல்லிய அரத்தால் தடவி, வெள்ளைக் காகிதத்தால் துடைத்தால், இறந்ததென்று நினைத்த பல மோட்டார்கள் எழுந்து உட்காரும். கம்பிச் சுருளின் மேலுறை வெடித்திருந்தால் அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பொறி கால் அங்குல இடைவெளியைத் தாண்ட வேண்டும். நீலமாகத் தாண்டினால் நன்று.

மூன்றாவது, எரிபொருள். இங்கேதான் காலம் மாறியதைக் கைகள் உணர வேண்டும். பழைய கபரேற்றர்களிலே மிதவை தக்கையினால் ஆனது. எரிபொருள் ஊறாமல் இருக்க அதன்மேல் அரக்கு பூசியிருப்பார்கள். இன்று பல நாடுகளிலே விற்கும் பெற்றோலிலே மதுசாரம் கலந்திருக்கிறது. மதுசாரம் அரக்கைக் கரைக்கும். தக்கை ஊறும், மிதவை அமிழும், எரிபொருள் வழிந்தோடும். மோட்டாரிலே குற்றமில்லை. அது தெரிந்துகொண்டிருந்த பெற்றோல் வேறு, அவ்வளவுதான். அந்தத் தக்கைக்குப் புதுக் கலவைக்குக் கரையாத பூச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒயில் கலவையிலே இருக்கிறது. இந்த எஞ்சின்களிலே ஒயிலைப் பெற்றோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். இன்றைய ஒயில் போத்தலிலே ஐம்பதுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும். அது ஊசி உருளைத் தாங்கிகள் உள்ள புதிய எஞ்சின்களுக்கு உரிய அளவு. வெண்கலத் தாங்கியிலே தண்டு நேரடியாக உரசிச் சுழலும் பழைய மோட்டார்களுக்குப் பதினாறுக்கு ஒன்று போன்ற கனத்த கலவை வேண்டும். போத்தலின் எழுத்தை மட்டும் நம்பி ஊற்றினால், எழுபது ஆண்டுகள் பிழைத்திருந்த எஞ்சின் ஒரு பிற்பகலிலே எரிந்து இறுகிவிடும். புகை அதிகம் வருமே என்பார்கள். வரட்டும். அது அந்தக் காலத்து மூச்சு.

நான்காவது, விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறிய ஆணி. அது வேண்டுமென்றே மெலிந்த உலோகத்தாற் செய்யப்பட்டது. விசிறி கல்லிலே மோதினால் ஆணி முறியும், கியர் தப்பும். முறிந்து முறிந்து தொல்லை தருகிறதே என்று சலித்து, உருக்கு ஆணியைத் தறித்துப் போடுவோர் உண்டு. அடுத்த கல்லிலே ஆணி முறியாது. கியர் முறியும். தான் முறிந்து பெரியதைக் காப்பதற்கென்றே அமைந்த உறுப்பை நாம் பலவீனம் என்று தவறாக வாசிக்கிறோம்.

கடைசியாக, வண்ணமும் தகடும். பழையதைப் புதிதாக்கும் ஆவலிலே, எல்லாவற்றையும் சுரண்டி மினுக்கி வண்ணம் அடித்துவிடுகிறார்கள். அதோடு அதன் வரலாறும் போய்விடுகிறது. ஒரு மீனவர் கத்தியாற் கீறிய அடையாளம், ஒரு திருத்துநர் இல்லாத உறுப்புக்குப் பதிலாகத் தகரத்தில் வெட்டிச் செய்த துண்டு, இவையெல்லாம் அந்த மோட்டாரின் உரைகள். மூலத்தை மீட்கும்போது உரையை எரித்துவிட வேண்டியதில்லை. ஓடுவதற்குத் தடையாக இருப்பதை மாற்றலாம். தடையில்லாததை விட்டுவைக்கலாம்.

தகடில்லாத கைகள்

நேயர்களே, ஐஸ்கிறீமிலே தொடங்கிய இந்தக் கதை நம் நீரையும் ஒருநாள் தொட்டது.

1990 களின் முற்பகுதியிலே, ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் வெளியே போகவும் திரும்பி வரவும் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்தார்கள். இருட்டிலே, வெளிச்சமில்லாமல், எஞ்சின் பூட்டிய ஒரு படகு, கயிற்றாற் பிணைத்த வேறு படகுகளை இழுத்துக்கொண்டு போகும். நோயாளிகள், மாணவர், கைக்குழந்தையோடு தாய்மார் அந்தப் படகுகளிலே இருந்தார்கள். பயணிகள் பலர் அந்த நீரிலேயே உயிரிழந்தார்கள். நடு நீரேரியிலே எஞ்சின் நின்றுபோவது என்பதன் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. சில துளி பெற்றோலிலே உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலே ஓட்டும் வித்தையைக் குடாநாட்டின் வாகனத் திருத்துநர்கள் கையாண்டார்கள். உதிரிப்பாகம் வராது. வழிகாட்டி நூல் கிடையாது. இருந்ததைக் கொண்டு இல்லாததைச் செய்தார்கள். எந்தப் பழைய எஞ்சினையும் ‘வாசிக்க’ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது பொழுதுபோக்கு ஆராய்ச்சியாக இருக்கவில்லை; மறுகரைக்கு ஆட்களைச் சேர்ப்பிக்கும் வேலையாக இருந்தது.

ஓலே எவின்றூட் தமது பெயரை விற்றார். பின்னர் திரும்பப் பெற்றார். பெஸ்ஸின் பெயர் எந்தத் தகட்டிலும் ஏறவில்லை. ஆயினும் எல்ரோ என்ற சொல்லைப் பார்க்கும்போது, அதை அமைத்தவரை நாம் இன்று நினைக்கிறோம். நமது திருத்துநர்களுக்கு அந்தச் சுவடும் இல்லை. அவர்கள் வெட்டிப் போட்ட தகரத்துண்டும், சுற்றிக் கட்டிய கம்பியும், துருப்பிடித்த எஞ்சின்களுக்குள்ளே ஏதோ ஒரு வீட்டின் கோடிப்புறத்திலே கிடக்கலாம்.

பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கும் முன்னர் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பாருங்கள். தகட்டிலே இருக்கும் பெயர் அமெரிக்காவினுடையதாகவோ யப்பானுடையதாகவோ இருக்கும். உள்ளே இருக்கும் கை நம்முடைய ஊரவருடையதாக இருக்கும். அது யாருடைய கை என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.